நாற்காலி போட்ட இடம்

கொலம்பஸ்
அக்டோபர் 9

அன்புள்ள எமில் அண்ணாவுக்கு,

ரோஸலி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை டப்பாவில் வைத்து அழகு பார்க்கிறாயா?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகத்தைச் சுளிக்காதே. ஃபோனில் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் நடுவில் வெட்ட முடியாது. பிடிக்கிறதோ இல்லையோ, கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

வெர்னா அண்ணியின் நினைவுப் பூசை முடிந்து சர்ச் வாசலில் நாம் பேசியது ஞாபகம் இருக்கும். உனக்கும் பெண்டாட்டி இல்லை, எனக்கும் புருஷன் இல்லை. இரண்டு கிழங்கள் இரண்டு ஊரில் இரண்டு வீட்டைக் கட்டிக்கொண்டு அழுவது பைத்தியக்காரத்தனம், ஒரே வீட்டில் இருந்துவிடலாம் என்று நீயும்தான் தலையாட்டினாய். எந்த ஊர் என்பதில்தான் வழக்கு நிற்கிறது. ஈஸ்டருக்குள் முடிவு செய்துவிட வேண்டும். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கொலம்பஸ் சமதரை. என் வீட்டில் ஒரு படிகூடக் கிடையாது. காரை கராஜுக்குள் விட்டால் நேரே சமையலறைக்குள் இறங்கலாம், மழையும் பனியும் மேலே படாது. ஆஸ்பத்திரி புதிது. சாலை அகலம். உன் வீட்டுக்குத் தெருவிலிருந்து ஏறி முடிப்பதற்குள் வாங்கிவந்த ஐஸ்கிரீம் கஞ்சியாகிவிடுகிறது. அந்த முழங்காலோடு இன்னும் எத்தனை வருஷம் ஏறுவதாக உத்தேசம்?

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ இங்கே வா. மூன்று மணி நேரம்தான், காரை எடுத்துக்கொண்டு நேராக வந்துவிடலாம். ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
ரோஸலி

பிட்ஸ்பர்க்
அக்டோபர் 21

அன்பு ரோஸிக்கு,

அண்ணன் எமில். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உனக்கு அந்த ஒற்றைத் தலைவலி விட்டதா?

தட்டையாக இருப்பது ஒரு பெருமையா? மேஜைகூடத்தான் தட்டையாக இருக்கிறது, அதன் மேல் குடியிருக்க முடியுமா? எங்களுக்கு மூன்று ஆறு. உங்கள் ஊர் ஆற்றைப் போன தடவை பார்த்தேன். நடுவில் நின்ற வாத்துக்கு முட்டி நனையவில்லை. கால்பந்துக்குச் சொந்தமாக ஓர் அணி கிடையாது, கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள்.

அதெல்லாம் போகட்டும். உன் வீட்டிலிருந்து ஒரு ரொட்டி வாங்க வேண்டுமென்றால் காரை எடுக்க வேண்டும். இங்கே இந்த மலைமேல் ரொட்டிக்கடை, மருந்துக்கடை, சர்ச், பீர் கடை எல்லாம் காலாலேயே போய்வரலாம். போகிற வழியில் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். அதற்கு உன் ஊரில் என்ன பதில்?

தேங்க்ஸ்கிவிங்குக்கு வர முடியாது. கார் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. ஏதோ சாமான் வர வேண்டுமாம்.

அன்புடன்,
எமில்

கொலம்பஸ்
நவம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தலைவலி போய்விட்டது, உன் கடிதம் வந்ததும் திரும்பி வந்துவிட்டது.

எதற்காக இப்படித் தடிப் பேனாவால் எருமை எருமையாக எழுதியிருக்கிறாய்? பக்கத்துக்கு நாலு வரி. கடை வாசலில் தள்ளுபடி போர்டு எழுதுகிற மாதிரி. கோபத்தைக் காட்டுகிறாய் என்றால், புரிந்தது, சின்ன எழுத்திலேயே காட்டலாம். அடுத்தது, காருக்கு என்ன? வெர்னா இருந்த நாளில் அந்தக் காரை நீயே படுத்து எழுந்து சரிசெய்வாயே, ஒர்க்‌ஷாப் வாசல் மிதிக்க மாட்டாயே.

உன் ஊர் மனுஷர்களைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம், நானும் அங்கே பிறந்தவள்தான். இங்கே வந்த புதிதில் சிக்னலில் பச்சை விழுந்ததும் நம் ஊர் வழக்கப்படி எதிரே வருகிற கார்களுக்கு முன்னால் குறுக்கே வெட்டி, முதல் ஆளாக இடது பக்கம் திரும்பினேன். நம் ஊரில் எதிரே நிற்பவன் தலையை ஆட்டி வழிவிடுவான். இங்கே நேராக வந்து என் முன்விளக்கை உடைத்துவிட்டான். போலீஸ்காரர் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னதும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. உலகம் முழுவதற்கும் ஒரு சட்டம், அந்த மலைமேல் உங்களுக்கு மட்டும் தலையாட்டல்தான் சட்டம். புதிதாக வருகிறவனுக்கு யார் சொல்வார்கள்? அவன் தப்பு செய்த பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது, படித்தால் போதும்.

வான்கோழி வாங்கிவிட்டேன். நீ வரவில்லை என்றால் அதைத் தனியாக உட்கார்ந்து தின்ன வேண்டியது நான்தான். ஒர்க்‌ஷாப்காரனை அவசரப்படுத்து.

எரிச்சலுடன், ஆனாலும் அன்புடன்,
ரோஸலி

பிட்ஸ்பர்க்
நவம்பர் 30

அன்பு ரோஸிக்கு,

சுகமா? நான் சுகம். வான்கோழி எப்படி இருந்தது? கோபித்துக்கொள்ளாதே, கார் வரவில்லை.

நான் எதிர்வீட்டு ஸ்டஷ் வீட்டில் சாப்பிட்டேன். அவனை உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உன் பின்னலைப் பிடித்து இழுத்தவன். அவனாக வந்து கதவைத் தட்டி, “ஏன்டா, தனியா உக்காந்து சூப் குடிக்கலாம்னு பாக்கறியா? எங்க வீட்ல உனக்குன்னு தட்டு வெச்சாச்சு, வந்து தொலை” என்று இழுத்துக்கொண்டு போனான். உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை எட்டு தின்றேன். அவன் மனைவி இன்னும் நாலு கட்டிக் கொடுத்தாள்.

நம் வழக்கை அவனிடம் சொன்னேன். அவன் கேட்கச் சொன்ன கேள்வி இது, எனக்கும் நியாயமாகப் படுகிறது. நீ அந்தத் தெருவில் முப்பது வருஷமாக இருக்கிறாய். பக்கத்து வீடு, எதிர்வீடு, அதற்கடுத்த வீடு என்று ஓர் ஐந்து பேர் பெயரை எழுதி அனுப்பு. அனுப்பிவிட்டால் நான் பெட்டியைக் கட்டுகிறேன்.

எழுத்தின் அளவைப் பற்றிக் கேட்டாய். பேனா அதுதான் இருந்தது.

அன்புடன்,
எமில்

கொலம்பஸ்
ஜனவரி 14

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கிறிஸ்துமஸ் அட்டைகூட அனுப்ப முடியவில்லை. வேலை அதிகம். நான் நலமாக இருக்கிறேன், கவலைப்பட ஒன்றுமில்லை. உனக்குக் குளிர் எப்படித் தாங்குகிறது?

நீ கேட்ட பெயர்கள். தபால்காரர் டெரல். அவர் தெருவுக்குள் தினமும் வருகிறார், அதனால் கணக்கில் சேர்க்கலாம். எதிர்வீட்டில் இருப்பவருக்கு சாம்பல் நிறக் கார். பக்கத்தில் ஒரு தம்பதி, அவர்கள் நாயின் பெயர் பிஸ்கட். மற்றவர்கள் நல்லவர்கள், யாரும் யார் வம்புக்கும் போவதில்லை.

இதையே திரும்பத் திரும்பக் கேட்காதே.

ரோஸலி

பிட்ஸ்பர்க்
ஜனவரி 29

அன்பு ரோஸிக்கு,

என்ன இது, தண்ணீர் வரி நோட்டீஸ் மாதிரி டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய்? உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? அண்ணனுக்கு எழுத இரண்டு விரல் நோகிறதா? எழுத்து பெரிதாக, படிக்கச் சுலபமாக இருந்தது என்பது வேறு விஷயம். ஆனாலும் ஆறு வாரம் கழித்து ஒன்பது வரி. மனசு கஷ்டப்பட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நாயைச் சேர்த்தும் உன் கணக்கில் ஐந்து வரவில்லை. அதை விடு. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே தீர்ப்புச் சொல்.

போன வாரம் முட்டி வரை பனி. நீ ஊரைவிட்டுப் போய் நாளாயிற்று, மறந்திருப்பாய்: தெருவில் எவன் பனியை வாரி இடம் சுத்தம் செய்கிறானோ, அந்த இடம் பனி உருகும் வரை அவன் காருக்கு. ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் போதும். நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டு வந்தாலும் ஒருத்தன் தொட மாட்டான். போலீஸ்காரர்கூட அதைச் சுற்றிக்கொண்டு போவார். நான் பாதி நாள் குனிந்து வாரி, நம் சமையலறை நாற்காலியைப் போட்டுவைத்தேன்.

மாலரி என்று ஒரு பெண், நர்ஸ், அரிசோனாவிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது, கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் என் நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டுக் காரை அங்கே நிறுத்திவிட்டாள். ஸ்டஷ் பார்த்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாயை இழுத்துவந்து அவள் காரை நாலு பக்கமும் நனைத்துவிட்டான், கூட இரண்டு வீட்டுக்காரர்கள். ராத்திரிக் குளிரில் தண்ணீர் உறைந்து, காலையில் கார் கண்ணாடிக் கட்டியாக நின்றது. கதவு திறக்கவில்லை. அவள் கெட்டிலில் வெந்நீரைக் கொண்டுவந்து முன்கண்ணாடியில் ஊற்றினாள், அது குறுக்கே பிளந்துவிட்டது. பாலைவனத்துப் பெண், என்ன தெரியும். தெருவே சன்னலில் நின்று பார்த்தது.

இதுதான் நான் சொல்வது. எனக்கு ஒன்று என்றால் கேட்காமலே இறங்குகிற தெரு இது. உன் சாம்பல் நிறக் கார்க்காரர் செய்வாரா?

அன்புடன்,
எமில்

கொலம்பஸ்
பிப்ரவரி 5

அண்ணா,

நான் சுகம். உன் சுகத்தைப் பிறகு கேட்கிறேன், முதலில் இதற்குப் பதில் சொல்.

உன் கார் அக்டோபரிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்று எனக்கு எழுதினாய். தேங்க்ஸ்கிவிங்குக்கு அதுதான் காரணம். நவம்பர் கடைசியிலும் வரவில்லை. ஜனவரியில் வந்ததாக நீ எழுதவில்லை. அப்படியானால் அந்த நாற்காலி எந்தக் காருக்கு?

ஊரைவிட்டுப் போனாலும் வழக்கம் எனக்கு மறக்கவில்லை. வாருகிறவன் காருக்கு இடம். காரே இல்லாதவன் நாற்காலி போட்டால் அதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உனக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியிருக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அன்று வேலைக்குப் போனாளா, இல்லையா? அதை ஏன் எழுதவில்லை? ஸ்டஷிடம் உன் கார் எங்கே என்று நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

நீ வருவாய் என்றுதான் இடத்தைப் பிடித்து வைத்தேன், அது இது என்று கதை சொல்லிப் பழியை என் தலையில் கட்டாதே. உள்ளதைச் சொல்.

ரோஸலி

பிட்ஸ்பர்க்
பிப்ரவரி 24

அன்பு ரோஸிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமில்லை.

உன் கடிதத்துக்கு இரண்டு தடவை பொய்யாகப் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஓரம் தெரிகிறது, நேரே பார்ப்பது தெரிவதில்லை. ஸ்டஷ் முன்னால் நின்றால் அவன் காது தெரிகிறது, மூக்கு இல்லை. கோடையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், திரும்பாது என்று. லைசென்ஸைக் கொடுத்துவிட்டேன், காரை செப்டம்பரில் விற்றுவிட்டேன். தெருவில் ஒர்க்‌ஷாப் என்று சொன்னேன். உனக்கும் அதையே எழுதினேன். தெரிந்தால் நீ அடுத்த நாளே வந்து என்னைக் கொலம்பஸுக்குத் தூக்கிக்கொண்டு போவாய். அங்கே கார் ஓட்ட முடியாதவன் ஒரு ரொட்டிக்குக்கூட உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அது எனக்குப் பயமாக இருந்தது. இடத்தை வாராமல் விட்டால் அன்றைக்கே எல்லாரும் கேட்பார்கள், அதனால் வாரினேன். நாற்காலி போடாமல் விட்டாலும் கேட்பார்கள், அதனால் போட்டேன்.

மாலரி அன்றைக்கு வேலைக்கு மூன்று மணி நேரம் தாமதம். ஆஸ்பத்திரியில் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். இதை அவளே வந்து சொன்னாள். சண்டைக்கு வரவில்லை ரோஸி, மன்னிப்புக் கேட்க வந்தாள். வாழைப்பழ ரொட்டி ஒன்று செய்து எடுத்துவந்து, “சார், எனக்கு இங்கத்த வழக்கம் தெரியாது, தெரிஞ்சிருந்தா நாற்காலியத் தொட்டிருக்கவே மாட்டேன். உங்க கார் எங்க நிக்குதுன்னு சொல்லுங்க, நானே கொண்டுவந்து இந்த இடத்துல விட்டுடறேன்” என்றாள். ஸ்டஷ் அப்போது வாசற்படியில் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “இல்லாத காருக்காகவாடா என்னை அந்தப் பொண்ணு வயித்துல அடிக்க வெச்ச?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கு சர்ச் கீழ்த்தளத்தில் மீன் விருந்துக்குப் போனேன். தட்டை வாங்கிக்கொண்டு எங்கள் வழக்கமான மேஜைக்குப் போனால் எல்லாரும் இருக்கிறார்கள், ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து தின்றேன். மீனை வறுத்த பெண்கள்கூட என்னிடம் எப்போதும் போல வம்பு பேசவில்லை. மேஜையிலிருந்து சுவர் வரை நடந்த அந்த நாற்பது அடியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

ஆக, நீ ஜெயித்துவிட்டாய். என் தெரு, என் ஜனம் என்று நான் அடித்த தம்பட்டத்துக்கு எல்லாம் சேர்த்து அனுபவித்துவிட்டேன். ஈஸ்டர் வரை வேண்டாம், நாள் சொல், வந்து கூட்டிக்கொண்டு போ. உன் கராஜில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

எமில்

கொலம்பஸ்
மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண் விஷயம் படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. வெர்னாவுக்குக் கடைசி வரை செய்தவனுக்கு எனக்கு ஒரு வரி எழுத மனசு வரவில்லையே. டாக்டரிடம் அடுத்து எப்போது போகிறாய்? அதையாவது மறைக்காமல் எழுது.

இந்தக் கடிதம் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பாய். கோணலாக இருக்கும், பெரிதாகவே எழுதியிருக்கிறேன். டைப் அடித்ததற்குக் காரணம் கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். டிசம்பரில் கராஜில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது, இடுப்பிலும் அடி. எழுந்திருக்க முடியவில்லை. காலையில் விழுந்தவள் சாயங்காலம் வரை சிமெண்ட் தரையில் கிடந்தேன். கராஜ் கதவு திறந்துதான் இருந்தது. நான் பெருமையாகச் சொல்வேனே, நேரே சமையலறைக்குள் இறங்கலாம் என்று, அந்தக் கராஜ்தான். எதிர்வீட்டுச் சாம்பல் நிறக் கார் வந்தது. கூப்பிட்டேன். அவர் காரில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினார், அவர் கதவு மேலே போயிற்று, உள்ளே போனார், கதவு கீழே இறங்கியது. கெட்டவர் இல்லை அண்ணா. இங்கே எல்லாரும் அப்படித்தான் வீட்டுக்குள் போகிறோம், நானும் முப்பது வருஷமாக அப்படித்தான் போனேன். கடைசியில் டெரல் தபால் போட வந்தவர் பார்த்தார்.

நீ ஐந்து பேர் பெயர் கேட்டு எழுதி முந்தின நாள் வந்திருந்த கடிதத்தை அப்போதுதான் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்து கையில் வைத்திருந்தேன். அது பக்கத்தில் கிடந்தது. உன் எருமை எழுத்தைத் தரையில் படுத்தபடியே படித்தேன். உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அதனால் உன்னை இங்கே கூட்டி வர மாட்டேன். கண் தெரியாத நீயும் கை உடைந்த நானும் இந்தச் சமதரையில் உட்கார்ந்து யாருக்காகக் காத்திருப்பது? உன் தெருவில் உன்மேல் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மீன் விருந்தில் உனக்கு இடம் விடாமல் இருக்க வேண்டுமென்றால், முதலில் உனக்கென்று ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். என்மேல் இங்கே யாருக்கும் வருத்தம்கூட இல்லை.

வீட்டை விற்கச் சொல்லிவிட்டேன். நான் அங்கே வருகிறேன். நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே, எனக்கு அந்த மலை இன்னும் பிடிக்காது, அந்தப் படிகளைச் சபித்துக்கொண்டேதான் ஏறுவேன். ஈஸ்டருக்கு முதல் வாரம் காரில் வருகிறேன். கார் நிறுத்த அந்த இடத்தை வைத்திரு. இப்போதாவது அந்த நாற்காலி நிஜமான ஒரு காருக்காக இருக்கட்டும்.

மாத்திரை போடு.
உன் தங்கை,
ரோஸலி

பிட்ஸ்பர்க்
மார்ச் 25

அன்பு ரோஸிக்கு,

மணிக்கட்டில் வலி இருக்கிறதா? இடுப்புக்கு யாரையாவது காட்டினாயா? நீ விழுந்து கிடந்ததைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் பெயர் கேட்டு எழுதிய அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏப்ரல் ஏழாம் தேதி டாக்டர். மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

இடம் இல்லை ரோஸி. உன் கடிதம் வருவதற்கு முன்பே மாலரிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டு வாசலில் போய் நின்று உள்ளது எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி மாற்றுகிற செலவைக் கொடுத்தேன், அவள் ஆஸ்பத்திரி மேலாளருக்குத் தப்பு என்னுடையது என்று கடிதமும் எழுதினேன். மார்ச்சில் ஒரு பனி பெய்தது, அவளுக்காக அந்த இடத்தை வாரினேன், நாற்காலியையும் கொடுத்தேன். அவள் அதில் ஒரு மெத்தை வேறு வைத்திருக்கிறாள், தெருவே சிரிக்கிறது. அதை இனி நான் திருப்பிக் கேட்க முடியாது. நீ வந்தாலும் கேட்க மாட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும், திட்டு.

ஸ்டஷ் என்னோடு இன்னும் பேசுவதில்லை. நேற்று எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், சன்னல் திரையைத் திறக்காமல் ஒன்பது மணி வரை படுத்துவிட்டேன். கதவு உடைகிற மாதிரி தட்டல். திறந்தால் ஸ்டஷ், கையில் என் வீட்டு மாற்றுச் சாவி. என் முகத்தைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பேச வரல” என்றான். “திரை திறக்கல. செத்துட்டியான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“சாகல” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

கிளம்பி வா ரோஸி. காரை மலைக்குக் கீழே எங்கே கிடைக்கிறதோ அங்கே நிறுத்து. பெட்டியைத் தூக்க ஆட்கள் வருவார்கள், ஸ்டஷும் வருவான், என்னோடு பேசாமல்.

அன்புடன்,
உன் அண்ணன்,
எமில்